ஓடு மெலிந்தால் எண்ணெய்

படப்பை ரேஷன் கடையில் நாம் வாங்குகிற பாமாயில், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. இங்கேயே கூடுதலாக விளைவிக்க என்ன வழி? கன்றில் இருக்கிறது வழி. எண்ணெய்ப் பனையில் தடித்த ஓட்டு ரகம் டூரா, ஓடில்லாதது பிசிஃபெரா. இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓட்டு டெனெரா. கொட்டை சிறுத்த மாம்பழத்தில் சதை கூடுதல் அல்லவா? அதே கதைதான், சதையில்தான் பாமாயில். ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவை மலேசிய, அமெரிக்க விஞ்ஞானிகள் 2013இல் அடையாளம் காட்டினார்கள். முன்பெல்லாம் டெனெரா கன்றுகளோடு டூரா கன்று கலந்துவிட்டால், காய்க்கும்வரை தெரியாது, ஆண்டுகள் வீண். இப்போது நாற்றங்காலிலேயே ஓர் இலைத்துண்டின் மரபணுச் சோதனை சொல்லிவிடும். 'இந்த மரம் தண்ணீரை உறிஞ்சுமே' என்பீர்கள். உண்மைதான். ஆனால் டூராவும் அதே தண்ணீரைத்தான் குடிக்கும், எண்ணெயோ குறைவு. கன்று வாங்கும் விவசாயிகளே, டெனெராவா என்று கேட்டு வாங்குங்கள்.