பூனையும் இரணைதீவும்



இடம்பெயர்ந்து அலைந்த வன்னிச் சனத்துக்குத் தெரியும்: நாய் ஆளோடு வரும், பூனை வீட்டோடு நிற்கும். அதட்டினாலும் அது தன்பாட்டில்தான் நடக்கும். அந்தக் குணத்துக்காகவோ என்னவோ, 1905இல் அமெரிக்காவில் உருவான உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கம், முதுகு சிலிர்த்த கறுப்புப் பூனையைச் சின்னமாக வைத்துக்கொண்டது. ரால்ஃப் சாப்ளின் என்பவர் வரைந்தது என்பார்கள். அரசின்மைவாதிகளுக்கும் அந்தப் பூனை பிடித்துப்போனது.

அரசே வேண்டாம் என்ற அவர்களின் கொள்கை எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர்களின் நேரடி நடவடிக்கை என்ற உத்தியை அப்படித் தள்ளிவிட ஏலாது. கேட்டுக் கேட்டுக் களைத்தபின், கேட்டதை நாங்களே செய்துவிடுவது.

இரணைதீவு மக்கள் செய்தது அதுதான். பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த அந்தத் தீவிலிருந்து 1992இல் இடம்பெயர்ந்து, முழங்காவில் பக்கம் இரணைமாதா நகரில் இருந்தார்கள். போர் முடிந்தும் தீவில் கடற்படை நின்றது. மகஜர் கொடுத்துப் பார்த்தார்கள். 2017 மே 1ஆம் திகதி தொடர் போராட்டம் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் கொட்டிலில் இருந்ததுதான் மிச்சம்.

2018 ஏப்ரல் 23ஆம் திகதி வள்ளங்களில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு ஊருக்குப் போய் இறங்கினார்கள். முன்னுக்கு நின்றவர்களில் பெண்கள் அதிகம். அனுமதி கேட்கவில்லை, திரும்பி வரவுமில்லை. தேவாலயத்தில் செபித்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தார்கள். மே நடுப்பகுதியில் அதிகாரிகளே தீவுக்கு வந்து, இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதைக் குருட்டுத் துணிச்சல் என்று நினைக்காதீர்கள். பட்டப்பகல், ஆயுதமில்லை, கையில் வெள்ளைக் கொடி. தடுத்தால் தடுத்தவருக்குத்தான் வெட்கம். பூனை தனியாகப் போகும். இவர்கள் ஊராகப் போனார்கள். என் கணக்கில் வெற்றியின் பாதி அதில்தான்.

ஆனால் தீவில் கால் வைத்தபின் பாடசாலை, வைத்தியர், வீட்டுத்திட்டம், இறங்குதுறை எல்லாவற்றுக்கும் பழையபடி திணைக்களப் படி ஏறத்தான் வேண்டும். ஆசிரியர் நியமனத்தை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வர முடியாதே!

பிறகும் ஒருமுறை தீவு மக்கள் போராட வேண்டி வந்தது. கொவிட்டால் இறந்த தங்கள் ஆட்களை அடக்கஞ்செய்ய விடுங்கள் என்று முஸ்லிம் மக்கள் கேட்டது முழு நியாயம். அதற்கு 2021 மார்ச்சில் அரசு இரணைதீவைத் தெரிவுசெய்தபோது, தீவு மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் மறுபடியும் போராட இறங்கினார்கள். சில நாட்களுக்குள் அடக்கம் ஓட்டமாவடி என்ற வேறிடத்தில் நடந்தது.