சப்பாத்தும் அதன் கரண்டியும்

‘சிறு துரும்பும் பல் குத்த உதவும்’ என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அத்தகைய சிறு துரும்புதான். ஒரு சாண் நீளமுள்ள தகடு அது. சற்றே குழிந்து, நுனி அகன்று, நாக்குப் போன்ற வடிவமுடையது. சப்பாத்தினுள் குதிக்காலை இறக்குவதற்குப் பயன்படுவது. ஆங்கிலத்தில் இதனை ‘ஷூ ஹோர்ன்’ என்பர். சப்பாத்துக் கொம்பு என்பது அதன் நேர்ப்பொருள். முற்காலத்தில் மாட்டுக் கொம்பைச் சீவிச் செய்தமையால் அப்பெயர் ஏற்பட்டது. நம்மிடையே இதற்கு நிலைத்த பெயர் இல்லை. ஆதலின், வடிவத்தைக் கொண்டு ‘சப்பாத்துக் கரண்டி’ என்று இன்று அழைத்துக்கொள்வோம்.

பெயர் நிலைக்காமைக்குக் காரணம் உண்டு. நம் முன்னோர் பெரிதும் அணிந்தவை திறந்த காலணிகளே. இராமனுடைய பாதுகையைப் பரதன் கொணர்ந்து அரியணையில் ஏற்றிய கதையை அறியாதார் நம்மில் இலர். அப்பாதுகைக்குக் குதிப்புறத்தில் சுவர் ஏது? மிதியடியும் செருப்பும் அவ்வாறே. காலை நுழைத்தால் போதும், கருவி வேண்டியதில்லை. காலை மூடும் காலணியையோ, போர்த்துக்கேயர் மொழியிலிருந்து பெற்ற சொல்லாலேயே சப்பாத்து என்கிறோம். பொருள் வந்தது, பெயரும் வந்தது, அதனை முறையாக அணிவதற்குரிய கருவி மட்டும் நம் வீடுகள் பலவற்றுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மேனாட்டாரோ இக்கருவியை மிகப் போற்றினர். இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத் இராணியாருக்கு 1567ஆம் ஆண்டிலே கொல்லர் ஒருவர் உலோகத்தில் நான்கு கரண்டிகள் செய்து கொடுத்தார். ராபர்ட் மிண்டம் என்பவர் 1593ஆம் ஆண்டு முதல் 1613ஆம் ஆண்டு வரை, உரியவரின் பெயரையும் ஆண்டையும் சித்திர வேலைகளையும் பொறித்துச் செய்த கொம்புக் கரண்டிகள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. சப்பாத்து விலையுயர்ந்த பொருளாய் இருந்த காலம் அது. விலையுயர்ந்த பொருளைக் காக்கும் கருவிக்கும் மதிப்பிருந்ததில் வியப்பில்லை.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். 1867ஆம் ஆண்டு லூல்கந்துரவிலே ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட காலத்திலும், அதற்கு முந்திய கோப்பிக் காலத்திலும், காடு வெட்டி மலை திருத்திய நம் மக்கள் வெறுங்காலோடுதான் உழைத்தார்கள். துரையின் காலில் சப்பாத்து இருந்தது. கொழுந்தெடுப்பவளின் காலில் சேறும் அட்டையும் இருந்தன. அதனால் விளைந்த கேடு சிறிதன்று. ஈர மண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலிற் புகுந்து, குடலை அடைந்து, இரத்தத்தை உறிஞ்சுவது. சோகையும் சோர்வும் அதன் விளைவுகள். 1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே, அமெரிக்க நாட்டு றொக்பெல்லர் நிதியத்தின் துணையோடு, இந்நோய்க்கு எதிரான இயக்கம் தொடங்கிற்று. மருந்து கொடுத்தார்கள், மலகூடம் கட்டும்படி வற்புறுத்தினார்கள். எனினும், மாசுபட்ட மண்ணில் வெறுங்கால் மீண்டும் பட்டபோதெல்லாம் நோயும் மீண்டும் வரக்கூடியதாகவே இருந்தது.

ஆகவே, மலைநாட்டுப் பிள்ளையின் காலில் சப்பாத்து ஏறியது வெறும் நாகரிகம் அன்று; உடல்நலம் பற்றிய செய்தி அது. பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைக்கு அது மானம் பற்றிய செய்தியும் ஆகும். 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் தேயிலைத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டில், மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளிற் பயிலும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சப்பாத்து வாங்குவதற்கென 3000 ரூபாய் பெறுமதியான வவுச்சர் வழங்கிற்று. இவ்விரு தொகைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அக்கணக்கில் ஒரு சோடிச் சப்பாத்து என்பது தாயொருத்தி மலையேறி இறங்கிய இரண்டு நாள் உழைப்புக்கும் மேற்பட்டதாய் இருந்தது. வீட்டில் பிள்ளைகள் மூவர் என்றால் ஒரு வாரத்து உழைப்பு அதற்கே போய்விட்டிருக்கும்.

இத்துணை விலை கொடுத்து வாங்கிய சப்பாத்து முதலில் எங்கே கெடுகின்றது? அடித்தோல் தேய்வதற்கு முன்னரே, பெரும்பாலும் குதிப்புறத்திலே கெடுகின்றது. காலையில் அவசரம். பிரட்டுக்குப் போகும் தாய்க்கும் நேரமில்லை. பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கும் பொறுமையில்லை. கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே காலை நுழைத்து, பின்புறத்தை மிதித்து, தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பிள்ளை ஓடிவிடுகின்றான். சப்பாத்தின் குதிப்புறத்தில், வெளித்தோலுக்கும் உட்துணிக்கும் நடுவே, விறைப்பான அட்டையோ தோலோ பிளாஸ்டிக்கோ வைத்துத் தைத்திருப்பார்கள். வீட்டுக்கு முதுகுச்சுவர் எப்படியோ, சப்பாத்துக்கு அது அப்படி. சில நாள் மிதிபட்டால் அது மடிந்துவிடும். மடிந்த இடம் குதிக்காலை அறுத்துக் கொப்புளம் எழுப்பும். மடிந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எளிதன்று.

சமவெளியில் நடப்பவருக்கு இது சிறு தொல்லையாக இருக்கலாம். ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் அப்படியன்று. லயத்திலிருந்து பாடசாலைக்கு வழி பெரும்பாலும் சரிவும் படியும் ஒற்றையடிப் பாதையுமே. சரிவில் இறங்கும்போது கால் முன்னோக்கி வழுக்கும். குதிக்காலைப் பிடித்து நிறுத்துவது சப்பாத்தின் பின்சுவரும் கட்டிய கயிறுமே. பின்சுவர் மடிந்த சப்பாத்து வெறும் செருப்பாகிவிடுகின்றது. மழை பெய்த பாதையில் அதனை அணிந்து இறங்கும் பிள்ளை வழுக்கி விழுதல் எளிது.

இதனைத் தடுக்க ஒரு தகடு போதும். அதனைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

பிளாஸ்டிக்கில் மலிவான கரண்டிகள் கிடைக்கின்றன. அவை சிறிது காலத்தில் ஒடியும்; ஒடிந்த முனை கூராகிக் காலுறையைக் கிழிக்கும். உலோகமே நெடுநாள் உழைக்கும். உலோகத்திலும் துருப்பிடியாத எஃகு நம் மலைநாட்டுக்கு ஏற்றது. வட்டவளைப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பொழிகின்றது. ஈரக் காற்றில் சாதாரண இரும்பு விரைவில் துருவேறும். மேலே பளபளப்பாக முலாம் பூசிய இரும்பைக் கண்டு மயங்க வேண்டா. தொங்கவிடுவதற்கு இட்ட துளையின் ஓரத்தைப் பாருங்கள். முலாம் உரிந்து துரு தொடங்கும் இடம் பெரும்பாலும் அதுவே. பித்தளையும் நன்று, களிம்பேறினால் புளியிட்டு விளக்கிக்கொள்ளலாம்.

அடுத்து, உறுதி. இரு கைகளாலும் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதில் வளைந்து வளைந்தபடியே நிற்பது உதவாது. பிடியும் நாக்கும் ஒரே தகட்டில் அமைந்தது சிறந்தது. ஒட்டியோ ஆணி அடித்தோ பொருத்தியது அந்த இடத்திலேயே விட்டுப்போகும். மூன்றாவதாக, விளிம்பு. பழைய காலுறை ஒன்றை விளிம்பின்மேல் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் அங்கே பிசிர் உண்டு. பிசிர் காலையும் அறுக்கும், சப்பாத்தின் உட்துணியையும் கிழிக்கும். நான்காவதாக, குழிவு. குதிக்காலின் உருட்சி அதனுள் அடங்க வேண்டும். தட்டையான தகட்டால் பயன் குறைவு. பிள்ளைகளுக்கும் இளைஞருக்கும் ஒரு சாண் நீளம் போதும். குனிய இயலாதவர்க்கு முழ நீளமோ அதற்கு மேலோ வேண்டும்.

பயன்படுத்தும் முறையும் எளியதே. முதலில் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டுங்கள். கல் இருக்கலாம், நம் பகுதியில் அட்டையும் இருக்கலாம். பின்பு கயிற்றை நன்கு தளர்த்தி, நாக்கை முன்னே இழுத்துவிட்டு, அமர்ந்துகொள்ளுங்கள். கரண்டியின் குழிந்த பக்கம் குதிக்காலை நோக்கியும் புடைத்த பக்கம் சப்பாத்தின் பின்சுவரை ஒட்டியும் இருக்குமாறு, இரண்டு விரற்கடை ஆழம் உள்ளே இறக்குங்கள். விரல்களை முதலில் நுழைத்து, குதிக்காலைக் கரண்டியின்மேல் சாய்த்து, வழுக்கிச் செல்ல விடுங்கள். குதி அமர்ந்ததும் கரண்டியை நேர் மேலாக உருவுங்கள். கடப்பாரையால் கல்லைப் பெயர்ப்பதுபோல் பின்னுக்கு நெம்புதல் கூடாது. நெம்பினால் எதைக் காக்க வந்தோமோ அந்தப் பின்சுவரே பழுதாகும். இறுதியில் குதியைப் பின்னுக்குத் தள்ளிக் கயிற்றைக் கட்டுங்கள். இவ்வளவுக்கும் அரை நிமிடம் செல்லாது.

இங்கே பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. கரண்டி சிறிய சப்பாத்தைப் பெரிதாக்கும் மந்திரக்கோல் அன்று. வளரும் பிள்ளையின் கால், கரண்டியிட்டும் வருந்தி நுழைகின்றதென்றால், சப்பாத்து மாற்றும் காலம் வந்துவிட்டது என்பதே பொருள். பிள்ளை நிற்கும்போது, நெடிய விரலுக்கு முன்னால் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்கின்றதா என்று அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

முதியோரையும் மறத்தலாகாது. ஆண்டுக்கணக்காகக் கொழுந்துக்கூடை சுமந்த முதுகு எளிதில் குனியுமோ? பேரனையோ மருமகளையோ எதிர்பாராமல் தாமே சப்பாத்தணிய நீண்ட கரண்டி துணை செய்யும். நீரிழிவு உடையோர் சற்றுக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவர்களிற் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். கூரிய விளிம்பு கீறினாலும் தெரியாது. சிறு கீறலும் ஆறாப் புண்ணாகக்கூடும். அவர்கள் வழுவழுப்பான விளிம்புடைய கரண்டியையே கொள்ளுதல் வேண்டும். அணிவதற்கு முன் சப்பாத்தினுள்ளும், கழற்றிய பின் பாதத்திலும் பார்வை செலுத்த வேண்டும்.

இன்னும் ஒரு வார்த்தை. மழையில் நனைந்த சப்பாத்தை அடுப்பருகே வைத்து உலர்த்தும் வழக்கம் நம் லயங்களில் உண்டு. தோல் விறைத்து வெடிப்பதும் ஒட்டுப் பசை இளகுவதும் அதனால்தான். பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, நனைந்த தாளை மாற்றி மாற்றிக் காற்றோட்டமான நிழலில் உலர விடுங்கள். நன்கு உலராது விறைத்திருக்கும் காலையிலேதான் கரண்டியின் அருமை மிகவும் புலப்படும்.

கரண்டி கிடைக்காத வீட்டார் சோர வேண்டியதில்லை. தடித்த துணிப்பட்டை ஒன்றைப் பின்சுவரின் உட்புறம் தொங்கவிட்டு, அதன்மேல் குதியை வழுக்கி இறக்கி, பின்பு துணியை உருவிக்கொள்ளலாம். ஆனால் சம்பள நாளில் கடைத்தெருவுக்குச் செல்லும்போது, உறுதியான உலோகக் கரண்டி ஒன்றை வாங்கி வாருங்கள். வாசல் நிலையருகே ஆணி அடித்துப் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். கண்ணிற் படும் இடத்தில் இருந்தால்தான் கை அதனை நாடும். லயத்து வீட்டில் ஒரு கரண்டி பல பிள்ளைகளுக்கு உதவும். மூத்தவன் இளையவனுக்குக் கற்றுக்கொடுப்பான். வருட இறுதிவரை பின்சுவர் மடியாத சப்பாத்தோடு அப்பிள்ளைகள் சரிவிறங்கிப் பாடசாலைக்குப் போகட்டும்.