இரண்டு தாள் நாடாக்கள் சொன்ன பதில்

(திருவக்கரையில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



இவ்வூர்க் கல்மரப் பூங்காவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மரம் கல்லாகும் என்று எத்தனை முறை சொன்னாலும், நேரில் பார்க்கும் பிள்ளைதான் அதை நம்புகிறது. என் வகுப்பில் இதை நான் ஒருமுறை மறந்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் இணைக் கடத்திகள் பாடம். ஒரே திசையில் மின்னோட்டம் பாய்ந்தால் கம்பிகள் ஈர்க்கும் என்றேன். ஒரு மாணவி எழுந்தாள். "சார், ஓரின மின்னூட்டங்கள் விலக்கும் என்றீர்களே, இது மட்டும் எப்படி?" "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, எழுதிக்கொள்" என்றேன். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவள் கேள்வியே கேட்கவில்லை.

அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். கம்பியில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சமமாக இருப்பதால் அது மின்நடுநிலையில் உள்ளது. ஆகவே இங்கே செயல்படுவது காந்தவிசை. ஒரு கம்பி உண்டாக்கும் காந்தப்புலத்தில் மற்றது இருக்கிறது. பிளெமிங் இடக்கை விதியைப் பொருத்தினால் விசை உள்நோக்கி வரும். ஒன்றில் திசையை மாற்றினால் வெளிநோக்கிப் போகும். 1820இல் ஆம்பியர் இதைச் சோதித்துக் காட்டினார்.

அடுத்த ஆண்டு சமையலறை அலுமினியத் தாளில் 30 செ.மீ. நீளத்துக்கு இரு மெல்லிய நாடாக்கள் வெட்டி, அரை செ.மீ. இடைவெளியில் சற்றுத் தளர்வாகத் தொங்கவிட்டேன். மேல்முனைகளை ஒன்றாக, கீழ்முனைகளை ஒன்றாக இரு டார்ச் கலங்களோடு இணைத்தால் நாடாக்கள் நெருங்கும். கீழ்முனைகளை மட்டும் ஒன்றுசேர்த்து, மேல்முனைகள் இரண்டில் கலத்தை இணைத்தால் விலகும். ஒவ்வொன்றிலும் 2 ஆம்பியர் பாய்ந்தால் விசை சுமார் 0.00005 நியூட்டன், ஓர் அரிசியின் எடைகூட இல்லை. அதனால்தான் கனமான கம்பி அசையாது, மெல்லிய தாள் அசைகிறது. சில விநாடிகளே இணையுங்கள், தாள் சூடாகும். வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

1948 முதல் ஆம்பியர் என்ற அலகையே இவ்விசையைக் கொண்டு வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்ட மதிப்பைக் கொண்டு வரையறுக்கிறார்கள். வரையறை மாறியது, விசை மாறவில்லை.

அந்த மாணவி பள்ளியை முடித்துப் போய்விட்டாள். அவளுக்குத் தர வேண்டிய பதிலை இப்போது ஒவ்வோர் ஆண்டும் வேறு பிள்ளைகளுக்குத் தருகிறேன். உங்கள் வகுப்பில் கேள்வி எழுந்தால், "எழுதிக்கொள்" என்று சொல்லாதீர்கள். "செய்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.