மிதிவண்டியில் பாலிக் புலாவ்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் பரிசு இல்லாத ஒரு காரியத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சென்ற பள்ளி விடுமுறையில் ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்கள் பன்னிரண்டு பேரும் நானும் பாலிக் புலாவில் மிதிவண்டி ஓட்டினோம். பெற்றோர் ஒருவர் தம் லாரியில் மிதிவண்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து உதவினார். அவருக்கு நன்றி. வாடகைகூட வாங்கவில்லை மனிதர்.

ஏன் பாலிக் புலாவ்? நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. மலாயில் அதன் பொருள் தீவின் பின்புறம். பினாங்கு டவுனுக்கும் அதற்கும் நடுவே மலை குறுக்கே நிற்கிறது. எந்தப் பக்கம் போனாலும் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். ஆகவே அந்த ஊரின் கதை என்பது அதன் ரோட்டின் கதைதான்.

சந்தியில் இருக்கும் வட்டத்திலிருந்து புறப்பட்டோம். வட்டத்தின் நடுவே பழைய நீரூற்று ஒன்று உண்டு. 1882-இல் கோ சியாங் தாட் என்ற சீனச் செல்வந்தர் ஊருக்குக் கொடுத்தது. பிள்ளைகளை இறங்கச் சொல்லிக் காட்டினேன். பிறகு கடைவீதி. லக்சா வாசனை வந்ததும் மிதிவண்டிகளின் வேகம் தானாகக் குறைந்தது! பசியாறிவிட்டுத்தான் நகர்ந்தோம். அங்கிருந்து சுங்கை பூரோங் பக்கம் வயல்வெளி. நெல் வயலை நேரில் பார்த்திராத பிள்ளைகள் அதில் ஐந்து பேர். கொக்கைப் பார்த்துக் கத்திய கத்தலில் கொக்கு பறந்துவிட்டது.

திரும்பும்போது மலையடியில் சாதிக்காய் மரங்களைக் காட்டினேன். ஏறக்குறைய 1800-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மொலுக்கா தீவுகளிலிருந்து சாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கொண்டுவந்து பினாங்கில் நட்டார்கள். கொஞ்ச காலம் பெரும் பணம் கொட்டியது. 1860 வாக்கில் நோய் விழுந்து சாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்துபோயின. பிறகு நாடெங்கும் கித்தா வந்தது. அது நமக்குத் தெரிந்த கதை.

அந்த மரத்தடியில் ஒரு மாணவி கேட்டாள்: “சார், ரோட்டுக்கு எல்லாம் பேர் போட்டிருக்காங்களே, நம்ம ஆளுங்க பேர்ல ஏதாச்சும் இருக்கா?”

இருக்கிறது என்றேன். டவுனில் சௌராஸ்தா பசார் பக்கத்தில் லெபோ தமிழ் இருக்கிறது. ஜாலான் நாகூர், லோரோங் மெட்ராஸ், கம்போங் மலபார் இருக்கின்றன. முன்பு பிட் ஸ்திரீட் எனப்பட்ட தெரு இன்று ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பள்ளிவாசலை எழுப்பிய காதர் முகைதீனின் நினைவு அது. இந்தப் பக்கம் மலையில் ஏறும் ஜாலான் துன் சார்டோன், 1975 முதல் 1981 வரை பினாங்கின் ஆளுநராக இருந்தவர் பெயரில் உள்ளது. சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தப் பிள்ளை விடவில்லை. “ரோடு போட்டவங்க பேர் சார்?” என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1790-களிலிருந்து 1860-கள் வரை இந்தியாவிலிருந்து கைதிகளைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். இத்தீவில் பாதை வெட்டியவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். பின்னர் வேலைக்கு ஆள் பிடித்துக் கொண்டுவரப்பட்ட நம் பாட்டன்மார்கள், பொதுப்பணித் துறையில் கூலிகளாகக் கல் உடைத்தார்கள், தார் ஊற்றினார்கள். ஒருவர் பெயரும் பலகையில் இல்லை.

பிள்ளைகளை கெந்திங் மலை அடிவாரத்துக்கு அழைத்துப் போனேன். மிதிக்க முடியவில்லை, தள்ளிக்கொண்டுதான் ஏறினோம். அங்கே நின்று என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

என் அப்பா ரோட்டு வேலைக்காரர். முதலில் ஜே.கே.ஆர். ஆள், பிற்பாடு குத்தகைக்காரரிடம். காலையில் மிதிவண்டியின் குறுக்குக் கம்பியில் சங்குலைக் கட்டிக்கொண்டு போவார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கும்பலுக்கும் இத்தனை மைல் என்று கணக்கு. மைலைத்தானே நாம் கட்டை என்போம்? மூனாங்கட்டை, ஏழாங்கட்டை என்று ஊருக்கே பெயர் வைத்தவர்கள் நாம். 1972-இல் அளவைச் சட்டம் மாறியது. மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. ஆனால் அப்பா கடைசி வரைக்கும் ‘என் கட்டை’ என்றுதான் சொன்னார்.

அவருக்கு ஒரே வேதம், லோங்காங். “ரோட்டைக் கெடுக்கிறது லாரி இல்லடா, தண்ணி” என்பார். இலை அடைத்தால் மழைநீர் லோங்காங்கை விட்டு ரோட்டின் மேல் ஏறும். தாரில் விரிசல் இருந்தால் அதன் வழியே உள்ளே இறங்கும். அடியில் உள்ள கல்லும் மண்ணும் ஊறிப் போகும். மேலே பார்த்தால் ரோடு நன்றாக இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. ஒரு நாள் ஓரம் சரியும். இதை நான் பயிற்சிக் கல்லூரியில் படிக்கவில்லை. அவர் மிதிவண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் அவரிடம் ஒரு பெயர் இருந்தது. பாம்பு வளைவு, கிராம்பு மேடு, சீனப் பாட்டி மதகு.

பெரியோர்களே, அடுத்ததைச் சொல்லச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. நான் இடைநிலைப் பள்ளிக்குப் போனபின், அப்பா என்ன வேலை என்று கேட்டால் ‘அரசாங்க வேலை’ என்பேன். ஒரு நாள் பள்ளிப் பேருந்து அந்த மலையில் மெதுவாக ஏறியது. ஓரத்தில் மண் சரிந்திருந்தது. முழங்கால் வரை சேற்றில் நின்று அப்பா மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். பேருந்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்த நண்பன், “யாருடா அது, உன்னையா கூப்பிடறாரு?” என்றான். நான் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்தப் பேருந்துக்கும் கை காட்டியதை நான் பார்க்கவில்லை.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளம், பல இடங்களில் மண்சரிவு. வேலையை விட்டு வீட்டில் இருந்த அப்பா இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். “லோங்காங்க யாரு பார்த்தாங்களோ” என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். பேருந்து விஷயத்தை அன்று பேசியிருக்கலாம். பேசவில்லை. இரண்டு வருடத்தில் அவர் போய்விட்டார்.

இதைச் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் சும்மா நின்றார்கள். பிறகு ஒரு பையன், “சார், அந்தச் சீனப் பாட்டி மதகு எங்கே?” என்றான். தேடினோம். மைல் கல் எதுவும் கண்ணில் படவில்லை. மதகு இருந்தது. வாயில் இலை அடைத்திருந்தது. நான் சொல்லவே இல்லை, பிள்ளைகளே குச்சியை எடுத்துத் தள்ளினார்கள். தேங்கிய தண்ணீர் ‘கொளக்’ என்று ஓடியது. பாட்டி யார் என்றுதான் என்னால் சொல்ல முடியவில்லை. அப்பாவிடம் கேட்காமல் விட்டது அதுவும் ஒன்று.

அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. நம் தோட்டத்துக்கே ஒரு வரைபடம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ரோட்டுக்குப் பெயர் கேட்ட மாணவி தன் பாட்டியிடம் உட்கார்ந்து, பாட்டி பால்மரம் வெட்டிய நிரை எது, பெரட்டுக் களம் எங்கே இருந்தது, பால் கொட்டகைக்குப் போன குறுக்குவழி எது என்று எழுதி வந்தாள். மரங்கள் இன்று இல்லை. செம்பனை நிற்கிறது, சில இடத்தில் வீடமைப்பு. ஆனால் பாட்டி விரலை வைத்துக் காட்டினாராம், அடி பிசகாமல்.

அந்த வரைபடம் மண்டப வாசலில் மேசைமேல் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. பென்சிலும் இருக்கிறது. பழைய லயத்துக்குப் பின்னால் உள்ள பள்ளம், ஆற்றோரத்து மேடு, இரண்டாவது பாலம், இந்த மூன்றுக்கும் அந்தக் காலத்தில் என்ன பெயர் என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. தெரிந்த பெரியவர்கள் சாப்பிடப் போகும் முன் எழுதிவிட்டுப் போங்கள். எழுத வராது என்றால் சொல்லுங்கள், பக்கத்தில் நிற்கிற பிள்ளை எழுதிக்கொள்வான்.