கால் மில்லிமீட்டருக்குள்ளே

சூலூரில் திருச்சி ரோட்டு பஸ் ஏறிக் கோவைக்குக் கண் காட்டப் போகிறவர்களில் சர்க்கரைக்காரர்கள் கணிசம். அவினாசி ரோட்டு அரவிந்தோ, சத்தி ரோட்டு சங்கராவோ, சொட்டு மருந்து விட்டு உட்கார வைப்பார்கள். பிறகு ஓ.சி.டி. ஸ்கேன். "தாடையை இதுமேல வெச்சு உள்ள தெரியற வெளிச்சத்தையே பாருங்க. கண்ணை அசைக்காதீங்க." சில நொடிகள். "முடிஞ்சுதுங்க, எந்திரிங்க."

திரையில் சாம்பல் நிற அடுக்குகள் தெரியும்; நடுவே ஒரு சிறு பள்ளம். எழுத்துக் கூர்மையாகத் தெரிவது அந்தப் பள்ளத்தால்தான். சர்க்கரையால் நீர் கோத்தால் பள்ளம் மேடாகிவிடும். இத்தனையும் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கனமுள்ள விழித்திரைக்குள்!

1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, எரிக் ஸ்வான்சன் குழுவினர் இந்த ஸ்கேன் முறையை அறிவித்தார்கள். வயிற்று ஸ்கேன் ஒலியின் எதிரொலியைப் பிடிக்கிறது. இது ஒளியின் எதிரொலியைப் பிடிக்கிறது. ஒளியின் வேகத்துக்குக் கடிகாரம் ஈடுகொடுக்காது. அதனால் கண்ணிலிருந்து திரும்பும் ஒளியை இன்னொரு கதிரோடு கலந்து, ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள்.

அடுத்த சிக்கல் வேகம். 2000களின் தொடக்கத்தில் வந்த கருவி நொடிக்கு 400 ஆழக்கோடுகள் எடுத்தது. முப்பரிமாணப் படத்துக்கு 512 பெருக்கல் 128, அதாவது 65,536 கோடுகள் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் கண்ணை அசைக்காமல் யார் இருப்பது? பின்னர் நொடிக்கு 27,000 கோடு வந்தது. வேலை இரண்டரை நொடியில் முடிந்தது.

அறுவை சிகிச்சையில் அதுவும் போதாது. விழித்திரைமேல் படர்ந்த சவ்வை உரிக்கும்போது, இடுக்கி முனை எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பது அந்தக் கணமே தெரிய வேண்டும். டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோசப் இசாட், சிந்தியா டோத் குழு, நொடிக்குப் பத்து முப்பரிமாணப் படங்கள் வரை காட்டும் நுண்ணோக்கிக் கருவியை 48 கண் அறுவைகளில் பயன்படுத்தி, 2016இல் முடிவுகளை வெளியிட்டது. வந்து குவியும் தரவை உடனுக்குடன் படமாக்கும் வேலைக்குக் கைகொடுப்பவை, பிள்ளைகள் கேம் விளையாடும் கணினியில் இருக்கும் அதே வகை கிராபிக்ஸ் சில்லுகள்.

வெளிநோயாளி அறையில் வண்ணமயமான முப்பரிமாணப் படம் பிரமிக்க வைக்கலாம். டாக்டர் பெரும்பாலும் முடிவெடுப்பது பழைய சாம்பல் படத்தைப் பார்த்துத்தான். நேரலைப் படத்தின் உண்மையான பயன் அறுவை மேசையில். அங்கேயும் ஒரு குறை: உலோகத்தை ஒளி ஊடுருவாது. இடுக்கிக்கு நேர் கீழே, டாக்டர் பார்க்க வேண்டிய இடத்திலேயே, இருட்டு விழுகிறது. ஒளி ஊடுருவும் கருவிகளைச் செய்துபார்க்கும் முயற்சி அதற்காகத்தான் நடக்கிறது.