வளர்ப்பைக் குறை கூறுவோர்க்கு



ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று, வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுகிற இந்த மணற்பரப்பிலே, பல ஊர்களிலிருந்து பாதயாத்திரையாக வந்து சேரும் ஜனசமுத்திரத்தின் நடுவே, அக்கினிச் சட்டி ஏந்தி வரும் ஸ்திரீகளுக்கு நாம் பக்தியோடு விலகி வழிவிடுகிறோம்; அதே ஸ்திரீ, கஞ்சா விற்கும் கும்பலிடமிருந்து தன் மகனை மீட்டுத் தாருங்கள் என்று நடுத்தெருவில் நின்று வாய் திறந்தாலோ, நம் எல்லோருக்கும் திடீரென்று வீட்டிலே வேலை வந்துவிடுகிறது. இன்று நான் பேசப் போவது சிலருக்கு மனம் நோகும், நோகட்டும்.

இந்தப் பக்கத்துத் தாய் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் சோறு பொங்கித் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு, பட்டாசுக் கம்பெனி வண்டி வந்து நிற்கும் முக்குக்கு ஓடுகிறாள். அந்தி சாய்ந்து திரும்பியதும், நகக்கண்ணில் அப்பிய மருந்தைக் கழுவுவதற்கு முன்பே மகனைத் தேடுகிறாள். அவன் சட்டைப் பையிலே அவள் வாங்கித் தராத செல்போன். கேட்டால், "அண்ணன் குடுத்தாரும்மா" என்கிறான். எந்த அண்ணன் என்பது தெரு முழுவதற்கும் தெரியும். சற்று நேரத்தில் நம்பர் பிளேட் இல்லாத பைக் ஒன்று வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது; மகன் எழுந்து போகிறான். இளையவள் பத்தாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடம் போகும் பாதையும் அந்தப் பைக்காரனுக்குத் தெரியும். இந்த ஒன்றினாலேயே தாயின் வாய் அடைபட்டுப் போகிறது.

நாளைக்கு அந்தப் பையன் போலீசில் பிடிபட்டால், திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிற கனவான்கள் என்ன சொல்வார்கள்? "வளர்த்த லட்சணம்!" என்பார்கள், தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று பழமொழி வேறு. கும்பல் தலைவன் திருவிழாவுக்கு நன்கொடை எழுதினால் மட்டும் அவனுடைய வளர்ப்பைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. வாங்கிய ரசீதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்கிறோம்!

சட்டத்துக்கு இந்த மயக்கம் இல்லை. 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், போதைப் பொருளை விற்பதற்கும் கடத்துவதற்கும் சிறுவனைப் பயன்படுத்துகிறவனுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது; பிற சட்டவிரோதக் காரியங்களில் பிள்ளையை ஏவுகிற வயதுவந்தவனுக்கு அதே 7 ஆண்டோடு 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. ஆகவே நமது கேள்வி, பையனைப் பெற்றவள் யார் என்பதன்று, அவனுக்குச் செல்போன் கொடுத்தவன் யார் என்பதே.

குண்டர் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1982 முதல் இருக்கிறது. அதன்படி ஒருவனை ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். ஓராண்டு கழித்து அவன் மாலை போட்டுக்கொண்டு திரும்பி வருகிற அன்று, அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன அந்தத் தாய்க்கு அபயம் அளிப்பது யார்? 2018-இல் உச்சநீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அங்கீகரித்து, அதுவே சட்டம் என்று தீர்ப்பளித்தது. சாட்சிக்கோ குடும்பத்துக்கோ ஆபத்து என்று விண்ணப்பித்தால், போலீஸ் அதிகாரி அந்த அபாயத்தை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும். அடையாளத்தை மறைக்கலாம், வீட்டுக்குக் காவல் போடலாம். இவ்விஷயத்தை நம் தெருவில் எத்தனை பேருக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்?

தாய்மார்களே, 1970-களின் பிற்பகுதியில் மணிப்பூரிலே, மதுவும் போதையும் பிள்ளைகளைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், மெய்த்தி இனத்துப் பெண்கள் இரவுதோறும் கூட்டமாகத் தெருக்காவல் புறப்பட்டார்கள். தீப்பந்தம் ஏந்தி நடந்த அவர்களுக்குப் பின்னாளில் மெய்ரா பைபி என்ற பெயரே நிலைத்தது. ஒருத்தி போனால் அவள் வீட்டு வாசலை ரௌடி அடையாளம் வைத்துக்கொள்வான். தெருவே திரண்டு போனால் எந்த வாசலில் போய் நிற்பான்? ஆனால் பகலெல்லாம் மருந்தில் வெந்தவளை இராத்திரிக் காவலுக்கும் அனுப்பிவிட்டு, நாம் போர்த்திக்கொண்டு தூங்குவது எந்த ஊர் தர்மம்?

வரும் திங்கட்கிழமை, விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதற்கு மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறோம். அதில் எந்தத் தாயின் பெயரும் முதலில் வராது. மேடைக்கு வலப்புறம் மேஜை போட்டிருக்கிறது. ஆண்கள் முதலில் வந்து கையெழுத்துப் போடுங்கள்.