குவியத் தூரமும் கவிஞர் நோக்கும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரே தெருவை இருவர் ஒளிப்படம் எடுக்கின்றனர். ஒருவர் படத்தில் தெரு விரிந்து நீள்கிறது. மற்றவர் படத்தில் அதே தெருவின் கடைகளும் மனிதர்களும் நெருக்கியடித்து நிற்கின்றனர். இரண்டும் பொய்யல்ல. வேறுபாட்டுக்குக் காரணம் வில்லையின் குவியத் தூரம் என்பர். அது பாதி உண்மை. எஞ்சிய பாதியில்தான் கவிதைக்குரிய செய்தி இருக்கிறது.

முதலில் கருவியின் இயல்பைக் காண்போம். 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட படச்சட்டத்தில், 28 மி.மீ. வில்லை மூலைக்கு மூலை ஏறத்தாழ 75 பாகைக் கோணத்தைக் காட்டும்; 50 மி.மீ. வில்லை 47 பாகை, 200 மி.மீ. வில்லை 12 பாகை. குவியத் தூரம் கூடக்கூடக் காட்சி குறுகும். ஆனால் நின்ற இடத்திலிருந்து அசையாமல் வில்லையை மட்டும் மாற்றினால், அருகிலுள்ளதற்கும் தொலைவிலுள்ளதற்கும் இடையே தோன்றும் அளவு விகிதம் மாறுவதில்லை. விகிதத்தை மாற்றுவது வில்லையன்று, நிற்குமிடம். ஒரு முகத்தைச் சட்டம் நிறைய எடுக்க 28 மி.மீ. வில்லையோடு மிக நெருங்கிச் செல்ல வேண்டும்; முகம் பெருத்துப் பின்னணி சுருங்கும். 200 மி.மீ. வில்லையோடு விலகி நிற்க வேண்டும்; பின்னாலுள்ள மலை முகத்தருகே வந்து நிற்கும். ஆகவே, வில்லையைத் தேர்வது மனிதரிடமிருந்து எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதைத் தேர்வதே ஆகும்.

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் லைக்கா கருவியில் பெரும்பாலும் 50 மி.மீ. வில்லையையே பயன்படுத்தினார். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவும் தம் முதிர்ந்த படங்களில் அதே அளவு வில்லையையே நாடினார். முன்னவர் தெருவில் நடந்துகொண்டே கண நேர அசைவைப் பிடித்தார். பின்னவர் கேமராவைத் தரையருகே தாழ்த்தி அசையாமல் வைத்தார். வில்லை ஒன்று, நோக்கு இரண்டு.

ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' 1953-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் முதிய கணவனும் மனைவியும் பயணத்துக்கு ஆயத்தமாகும் அறையில், இறுதியில் கணவர் மட்டும் தனித்து அமர்ந்திருக்கிறார். அதே அறை, அதே தொலைவு. நோக்கு மாறாதிருப்பதால் மனைவி அமர்ந்திருந்த வெற்றிடம் கண்ணில் படுகிறது. மறு ஆண்டு, 1954-இல், அதே நாட்டில் அகிரா குரோசவாவின் 'ஏழு சாமுராய்' வெளிவந்தது. மழையில் நிகழும் இறுதிப் போரை அவர் பல கேமராக்களால் ஒருசேரப் படமாக்கினார். தொலைவில் வைத்த டெலி லென்ஸ், குதிரையையும் சேற்றையும் மனிதனையும் ஒரே தளத்தில் திணித்துக் காட்டியது. ஓசுவின் அளவுகோலால் அளந்தால் குரோசவா ஆரவாரம். குரோசவாவின் அளவுகோலால் அளந்தால் ஓசு வெறுமை. இரு தீர்ப்பும் பிழை.

50 மி.மீ. வில்லையை 'இயல்பான வில்லை' என்று அழைப்பது வழக்கம். மனிதக் கண்ணோ ஒரு நேரத்தில் ஏறத்தாழ 2 பாகையளவே மிகக் கூர்மையாகக் காண்கிறது. மற்றவற்றை மங்கலாக உணர்ந்து, ஓயாது அலைந்து காட்சியைக் கட்டுகிறது. எந்த வில்லையும் கண் ஆகாது. இயல்பு எனப்படுவது பழக்கமே. கவியரங்குகளில் எழும் பூசல்களுக்கும் இதுவே வேர். வீட்டு முற்றத்தை எழுதுபவர்க்கு ஊரை எழுதுபவர் முழக்கமிடுபவராகவும், ஊரை எழுதுபவர்க்கு முற்றத்தை எழுதுபவர் ஒதுங்கியவராகவும் தோன்றுவது, தத்தம் வில்லையைக் கண்ணென்றே நம்புவதால்தான்.

சங்கத் தொகைகளைத் தொகுத்தோரிடம் இந்த மயக்கம் இல்லை. நான்கு முதல் எட்டடிக்குக் குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டுக்கு நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்றுக்கு அகநானூறு என, ஒரே அகப்பொருளுக்கு மூன்று சட்டங்கள் அமைத்தனர். மூன்றையும் எட்டுத்தொகையுள் வைத்தனர்.

கவிஞர்க்கு வேண்டுவது எல்லா வில்லைகளும் அல்ல. தாம் நிற்கும் தொலைவு எது, அந்தத் தொலைவில் எவர் முகம் விடுபடுகிறது என்னும் அறிவே வேண்டுவது. அதை அறிந்தபின் அங்கேயே நிற்கலாம். ஓரடி நகரவும் செய்யலாம். பத்தாண்டுகளாகப் பல தொலைவுகளில் நிற்போரை ஓர் அவையில் அமர்த்திய இவ்வட்டம் மேலும் வளர்க.